சீனக் கடையில் கறிகாய் வாங்கலாமா?

நம் வீட்டுப் பெண் கல்யாணமாகி அமெரிக்காவுக்குக் குடித்தனம் போகிறாள் என்றால், பெட்டி கட்டுகிற வேலை ஒரு மாதத்துக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, கொட்டை எடுத்த புளி, வடகம், அப்பளம் என்று அம்மா அடுக்கிக்கொண்டே போவாள். விமானத்தில் பெரும்பாலும் தலைக்கு 23 கிலோ பெட்டி இரண்டுதான் அனுமதி. எடை மிஞ்சினால், "இரண்டு புடவையை வேண்டுமானால் எடுத்துவிடு, புளியை எடுக்காதே!" என்று சொல்லாத தாய் உண்டா?

தாய்மார்களின் கரிசனத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒரு சங்கதியை யோசித்துப் பாருங்கள். பெட்டியில் போகிற பொடியும் புளியும் எத்தனை நாளைக்கு வரும்? மிஞ்சிப் போனால் நாலு மாதம். கறிகாயோ பெட்டியில் போகவே முடியாது. ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக்கூட அமெரிக்கச் சுங்க அதிகாரிகள் உள்ளே விடமாட்டார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பாழாக்கும் ஒரு நோயைப் பரப்புகிற பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருப்பதால் இந்தத் தடை. ஆகவே, பெண் எப்படியும் கடைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். எந்தக் கடைக்குப் போவது, எதை எங்கே வாங்குவது என்பதை மட்டும் அவளுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். உங்கள் பெண்ணோ, நாத்தனாரோ, அக்கா மகளோ அங்கே இருந்தால் இந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பி வையுங்கள்.

கையில் காசு இல்லாத பெண்

முதலில் ஒரு விஷயம். இது வெறும் சிக்கனப் பேச்சு அல்ல.

கணவனின் உத்தியோக விசாவைப் பற்றிக்கொண்டு 'எச்-4' என்ற விசாவில் போகும் மனைவிக்கு அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கச் சாதாரணமாக அனுமதி கிடையாது. 2015-ஆம் வருஷம் இந்த விதியைச் சற்றுத் தளர்த்தினார்கள். கணவனின் கிரீன் கார்டு மனு ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவியும் வேலைக்கு மனுப் போடலாம் என்றார்கள். புதிதாகப் போய் இறங்கும் பெண்ணுக்கு அது எட்டாத கனிதான். இங்கே படித்துப் பட்டம் வாங்கி, சொந்தச் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அங்கே பத்து டாலருக்குக் கணவன் முகத்தைப் பார்க்கிறாள். கணவன் தங்கமானவனாகவே இருக்கட்டும். கேட்டு வாங்குவது கேட்டு வாங்குவதுதானே?

வீட்டு வாடகையை அவளால் குறைக்க முடியாது. கார்த் தவணையை, இன்ஷூரன்ஸை, மின்சாரக் கட்டணத்தைக் குறைக்க முடியாது. அவள் கைக்குள் அடங்கிய செலவு ஒன்றே ஒன்றுதான்: சமையலறைச் செலவு. அதில் அவள் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு டாலரும் அவள் சம்பாதித்த டாலர் என்றே நான் சொல்வேன். அப்படிச் சொல்லிக்கொள்ள அவளுக்கு முழு உரிமை உண்டு.

எங்கிருந்து வந்தன இந்தக் கடைகள்?

அமெரிக்க நகரங்களில் 'சீனக் கடை' என்று நம்மவர்கள் பொதுவாகச் சொல்வது சீனக் கடையை மட்டும் அல்ல. கொரியாக்காரர், தைவான்காரர், வியட்நாம்காரர் நடத்தும் கடைகளும் அந்தப் பேரில் அடங்கும். இவற்றின் பிறப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1965-ல் அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் மாறியது. ஆசிய நாட்டவரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்த பழைய பங்கீட்டு முறை எடுபட்டது. அதன் பிறகு ஆசியக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கின. ஆள் வந்தால் அடுப்பு வரும். அடுப்பு வந்தால் கடை வரும்!

1974-ல் சிகாகோ நகரத்து டெவான் அவென்யூவில் குஜராத்திச் சகோதரர்கள் 'பட்டேல் பிரதர்ஸ்' கடையைத் திறந்தார்கள். 1982-ல் நியூயார்க்கின் குயீன்ஸ் பகுதியில், உட்சைடு என்ற பேட்டையில், கொரியர்களின் 'எச் மார்ட்' ஆரம்பமானது. 1984-ல் கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஊரில் தைவானிலிருந்து வந்தவர் ஒருவர் '99 ரேஞ்ச்' கடையைத் தொடங்கினார். ஒற்றைக் கடையாகப் பிறந்த இவை மூன்றும் இன்று பல மாகாணங்களில் கிளை பரப்பி நிற்கின்றன. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்து 'விங் யிப்' 1970-லேயே வந்துவிட்டது. கனடாவில் 'டி அண்டு டி' 1993-ல் பிறந்தது.

'எச் மார்ட்' பேரில் உள்ள 'எச்' எதைக் குறிக்கிறது தெரியுமா? 'ஹான் ஆ ரியும்' என்ற கொரியச் சொல்லை. இரு கையாலும் மார்போடு அணைத்து எடுக்கும் அளவு என்று அர்த்தம். கை நிறையச் சாமான் வாங்கிப் போங்கள் என்று கடைக்குப் பேர் வைத்தவர் யாரோ, அவர் குடித்தனம் தெரிந்தவர்.

மலிவு என்றால் மட்டமா?

"விலை குறைவாக இருக்கிறதே, அழுகல் காயாக இருக்குமோ?" என்ற சந்தேகம் நம் பெண்களுக்கு உடனே வந்துவிடுகிறது. விலை ஏன் குறைகிறது என்று தெரிந்தால் சந்தேகம் போய்விடும்.

நியூயார்க்கின் சைனா டவுனுக்குக் கறிகாய் எங்கிருந்து வருகிறது என்று வாலரி இம்ப்ரூஸ் என்ற அம்மையார் வருஷக்கணக்கில் ஆராய்ந்து, 2015-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அந்த நகரத்துக்குப் பிரம்மாண்டமான மொத்த மார்க்கெட் ஒன்று உண்டு. சைனா டவுன் கடைக்காரர்கள் பெரும்பாலும் அதை நம்பி இருக்கவில்லை. பக்கத்துத் தெருக்களிலேயே சின்னச் சின்ன மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு புளோரிடாவிலும் ஹோண்டுராஸ் நாட்டிலும் உள்ள பண்ணைகளோடு நேரடித் தொடர்பு. காய் லாரியில் வந்து இறங்குகிறது, கடைக்குப் போகிறது, விற்றுத் தீர்கிறது. நம் ஊர் மார்க்கெட்டு வாடிக்கைதான், வேறென்ன?

இன்னும் சில காரணங்கள். அமெரிக்காவின் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கத்திரிக்காய் எல்லாம் ஓர் அச்சில் வார்த்ததுபோல் இருக்க வேண்டும். கோணல் காய்க்கும் குட்டைக் காய்க்கும் அங்கே இடம் இல்லை. சீனக் கடையில் கோணலும் விற்கும். குழம்பில் போட்டபின் கோணல் யாருக்குத் தெரியப் போகிறது? அடுத்தது, காய்க்கு உறை கிடையாது, தட்டு கிடையாது. குவித்து வைத்திருப்பார்கள், பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் மேலான காரணம், அங்கே வருகிறவர்கள் வீட்டில் சமைக்கிறவர்கள். ஒரு குடும்பம் நாலு கட்டுக் கீரை வாங்கும். சரக்கு தேங்காது, தேங்காத சரக்குக்குக் குறைந்த லாபம் போதும்.

ஆக, மலிவு என்பது மட்டத்தின் அடையாளம் அல்ல. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. பொறுக்கி எடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் அந்தக் கடை லாபம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்க நம் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கடைக்காரர் பார்க்காத சமயமாக ஒடியுங்கள்!

பேர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

நம் காய்கள் அங்கே வேஷம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. பேர் தெரியாமல் அவற்றைத் தாண்டிப் போகிறவர்கள் அநேகர். இதை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

'ஓப்போ' என்று எழுதியிருந்தால் சுரைக்காய். 'சைனீஸ் ஓக்ரா' என்றிருந்தால் வெண்டைக்காய் என்று ஏமாந்துவிட வேண்டாம், அது பீர்க்கங்காய். 'விண்டர் மெலன்' வெண்பூசணி. பத்தையாக வெட்டி வைத்திருப்பார்கள், இரண்டு பேர் உள்ள குடும்பத்துக்கு மோர்க்குழம்புக்குச் சரியாக இருக்கும். 'டைக்கான்' வெள்ளை முள்ளங்கி. 'டாரோ' சேப்பங்கிழங்கின் இனம். சின்னதாய் மயிரோடு இருப்பதைப் பார்த்து எடுங்கள். 'லாங் பீன்ஸ்' நீளக் காராமணி. 'சயோட்டே' நம் சௌசௌ. 'பிட்டர் மெலன்' பாகற்காய். சீனப் பாகல் வெளிர்ப் பச்சையாய், மேல் வழவழப்பாய் இருக்கும், கசப்பும் சற்றுக் குறைவு.

கீரையில், சிவப்பு ரேகை ஓடிய 'யின் சோய்' நம் தண்டுக்கீரையின் உறவு. மசித்தாலும் சரி, பொரித்த கூட்டு வைத்தாலும் சரி, குறை சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸ்காரர்களின் சாமான்கள் இருக்கும் குளிர்ப்பெட்டியில் 'மலுங்கை' என்று ஒரு பொட்டலம் கிடைக்கும். பிரித்துப் பார்த்தால் முருங்கைக்கீரை! பிரசவித்த பெண்ணுக்குப் பால் ஊற அந்த நாட்டிலும் அதைத்தான் சமைத்துப் போடுகிறார்கள். அதே பெட்டியில் துருவிய தேங்காயும் வாழை இலையும் இருக்கும். பண்டிகை நாளில் இலை போட்டுச் சாப்பிட வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு இது நல்ல செய்தி.

அசைவக் குடும்பத்துப் பெண்களுக்கு மீன் முழுசாகக் கிடைக்கும். நிறுத்து வாங்கியபின் செதில் சீவிச் சுத்தம் செய்து தருவதற்கு அநேக கடைகளில் தனிக் காசு கிடையாது. சைவக் குடும்பத்தார் மீன் வாசனைக்குப் பயந்து வாசலோடு திரும்ப வேண்டாம். மீன் பகுதி பெரும்பாலும் கோடியில் இருக்கும். ஆனால் புட்டி, பொட்டலங்களை வாங்கும்போது எழுத்தைப் படியுங்கள். பார்க்க வெறும் கோஸ் ஊறுகாய் போல இருக்கும் 'கிம்ச்சி'யில் சாதாரணமாக மீனோ இறாலோ சேர்ந்திருக்கும்.

அரிசியும் மாவும்

அரிசி விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். தாய்லாந்தின் 'ஜாஸ்மின்' அரிசி மணமாக இருக்கும், கொஞ்சம் குழையும். தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் ஏற்றது. தண்ணீரைக் குறைத்து வைத்தால் குழம்பு சாதத்துக்கும் ஆகும். 'ஸ்வீட் ரைஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சர்க்கரைப் பொங்கலுக்கு உகந்தது என்று வாங்கிவிடாதீர்கள்! அது பசைபோல் ஒட்டும் அரிசி. மாவிலும் இதே வம்பு உண்டு. மூன்று யானைத் தலை படம் போட்ட தாய்லாந்து மாவுப் பொட்டலத்தில் சிவப்பு நிறம் சாதாரண அரிசி மாவு. பச்சை நிறம் ஒட்டரிசி மாவு. பச்சையை வாங்கிக் கொழுக்கட்டை பண்ணினால் பிள்ளையாரே வாய் திறக்க முடியாமல் திண்டாடுவார்.

2023 ஜூலையில் இந்திய அரசாங்கம் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியது. சேதி பரவியதும் அமெரிக்காவிலுள்ள இந்தியக் கடைகளில் மூட்டை மூட்டையாக வாங்கிப் பதுக்கக் கூட்டம் அலைமோதியது. 2024 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. அந்த நாட்களில் சீனக் கடையில் தாய்லாந்து அரிசி கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஒரே கடையை நம்பி இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

மூன்று கடைக் கணக்கு

எல்லாவற்றையும் சீனக் கடையிலேயே வாங்குவது சிக்கனம் ஆகாது. பால், ரொட்டி, ஓட்ஸ், வெண்ணெய் போன்றவை சாதாரண அமெரிக்கக் கடையிலேயே மலிவு. துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய், தனியா, சீரகம் இவற்றுக்கு இந்தியக் கடை. கறிகாய், கீரை, தேங்காய், மீன் இவற்றுக்குச் சீனக் கடை. கப்பலில் வந்த பிஸ்கட்டும், கண்ணைப் பறிக்கும் பழப் பெட்டியும், சுடச்சுட விற்கும் பலகாரமும் அங்கேயும் யானை விலைதான். மிச்சம் பிடித்த பணத்தை வாசலுக்கு வருவதற்குள் வாங்கிக்கொள்ளவே அவற்றைப் பணம் கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

விலையைப் பார்க்காதீர்கள், எடைக்கு விலையைப் பாருங்கள். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். ஓர் அவுன்ஸ் 28 கிராம். பொட்டலத்தின் மேல் நிகர எடை எழுத வேண்டும் என்று அங்கே 1966-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது கிராமிலும் எழுதியிருப்பார்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்கக் கடையில் ஒன்றரை அவுன்ஸ் சீரகப் புட்டி 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியக் கடையில் 400 கிராம் பொட்டலம் 6 டாலர். பார்வைக்குப் புட்டிதான் மலிவு. ஆனால் 100 கிராமுக்குக் கணக்குப் போட்டால் புட்டிச் சீரகம் 9 டாலருக்கு மேல். பொட்டலச் சீரகம் ஒன்றரை டாலர். ஆறு மடங்கு! புட்டிக்கும் மூடிக்கும் அல்லவா காசு கொடுத்திருக்கிறோம்?

ஆனால் பெரிய பொட்டலம் எப்போதும் லாபம் என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு பேர் உள்ள வீட்டில் ஒரு வருஷத்து மிளகாய்ப் பொடியை வாங்கி வைத்தால் நிறமும் போகும், மணமும் போகும். பொடியாக வாங்குவதைவிட முழுசாக வாங்கி வீட்டில் பொடிப்பது நல்லது என்பதற்கு வேறு காரணமும் உண்டு. 2024-ல் அமெரிக்க உணவு, மருந்து இலாகா சில பட்டைப் பொடிகளில் ஈயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்து, அவற்றை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. மலிவு விலைக் கடைகளில் விற்றவையும் அவற்றில் இருந்தன. குழந்தை இருக்கும் வீட்டில் இந்த எச்சரிக்கைகளைக் கவனிக்காமல் விடக்கூடாது.

கடை தூரத்தில் இருந்தால் பெட்ரோல் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இருபது மைல் போய் மூன்று டாலர் மிச்சம் பிடிப்பது மிச்சம் அல்ல. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, அக்கம் பக்கத்துச் சிநேகிதியோடு ஒரே காரில் போனால் செலவும் பாதி, பேச்சுத் துணையும் ஆயிற்று. புதிய ஊரில் பேச்சுத் துணைக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும். ஒரு மூட்டை வெங்காயத்தை இருவரும் பங்கிட்டுக்கொண்டால் இரண்டு வீட்டிலும் அழுகாது.

நோட்டுப் புத்தகம் ஒன்று

எதை மிச்சம் பிடித்தோம் என்று எழுதி வைக்காவிட்டால் மிச்சம் இருந்த இடம் தெரியாது. அமெரிக்க விவசாய இலாகா வீட்டில் சமைத்துச் சாப்பிட ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று மாதந்தோறும் கணக்கிட்டு வெளியிடுவது வழக்கம். மிகச் சிக்கனம், குறைந்த செலவு, நடுத்தரம், தாராளம் என்று நான்கு படிகள் அதில் உண்டு. ஒரு மாதம் எல்லாச் செலவையும் எழுதி, உங்கள் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள். அடுத்த மாதம் மூன்று கடைக் கணக்குப்படி வாங்கிப் பாருங்கள்.

வாரத்துக்கு 15 டாலர் குறைந்தால் வருஷத்துக்கு 780 டாலர் ஆகிறது. அது யாருடைய பணம்? இங்கேதான் நம் பெண்கள் தவறிவிடுகிறார்கள். மிச்சம் பிடித்ததைக் குடும்பச் செலவிலேயே கரைத்துவிட்டு, "நான் ஒன்றும் சம்பாதிக்கவில்லையே" என்று கண்ணைக் கசக்குவார்கள். அப்படி வேண்டாம். கணவனிடம் நோட்டைக் காட்டுங்கள். "போன வருஷம் இவ்வளவு, இந்த வருஷம் இவ்வளவு, குறைந்ததை என் பேரில் போடுங்கள்" என்று சிரித்துக்கொண்டே, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். கணக்குத் தெரிந்த மாப்பிள்ளை மறுக்கமாட்டார்.

அந்தப் பணத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். ஏதாவது ஒரு பரீட்சைக்குப் பணம் கட்டலாம். வேலை பார்க்க அனுமதி வரும் நாளில் தயாராக இருக்க ஒரு வகுப்பில் சேரலாம். அம்மாவுக்கு ஒரு புடவையும் எடுத்து அனுப்பலாம், யாரையும் கேட்காமல். சுரைக்காயிலும் கீரையிலும் மிச்சம் பிடித்த காசுதான். அதனால் அதன் மதிப்பு ஒரு தம்பிடிகூடக் குறைந்துவிடாது.